பாறணை சொல்லாத புத்தகம்

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பில் எதை விடலாம் என்று கேட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் புத்தகங்கள் கொண்டுவருகிறாள். பதிப்பகத்தார் அலுப்பான இடங்களை வெட்டித் தரச் சொல்கிறார்களாம். கணினியோ ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுகிறதாம். நடுவில் நின்று முழிக்கிறாள்.

"அங்கிள், நீங்கள் இதைத்தானே வருசக்கணக்காச் செய்தனீங்கள். ஒரு றூல் சொல்லுங்கோவன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஏன் ஏறியது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை, பாவம். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது தொலைபேசிக்குள் அடங்காது. அதனால் எழுதி அனுப்புகிறேன். அலுப்பான இடங்களை அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

நான் ருஷ்ய மொழியிலிருந்து தத்துவமும் சமயமும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சீவித்தவன். யாழ்ப்பாணத்தானுக்கு இந்தப் பிழைப்பு எப்படி வாய்த்தது என்று கேட்காதவர்கள் இல்லை. எழுபதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோ போனேன், தத்துவம் படித்தேன். கடவுள் இல்லை என்பது அங்கே ஒரு பாடம். இல்லை என்று நிறுவுவதற்காக ஊர் உலகத்துச் சமய நூல்களையெல்லாம் வாசிக்கவைத்தார்கள். கடவுளை மறுக்கப் போனவன் கோயில் ஐயரைவிடக் கூடுதலாகக் கடவுளைப் பற்றித் தெரிந்துகொண்டு திரும்பினேன். பிறகு கொழும்பு, எரிந்த வீடு, கனடா, டோனட் கடையில் மாவு. அந்தக் கதை ரொறன்ரோவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதை விடலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோவியத் நாடு உடைந்தபோது, பூட்டிக் கிடந்த தேவாலயங்கள் திறந்தன. கூடவே கூரைக்குள்ளும் மாவுப் பானைக்குள்ளும் ஒளித்துவைத்த எழுத்துகளும் வெளியே வந்தன. துறவிகளின் தியானக் குறிப்புகள், நாடுகடத்தப்பட்ட தத்துவ ஆசிரியர்களின் கட்டுரைகள், இரகசிய ஞானம், வேறு கிரகத்திலிருந்து செய்தி வாங்குகிறோம் என்றவர்களின் மூட்டைகள். நல்லதும் கழிசடையும் ஒரே பெட்டியில் கப்பலேறி ரொறன்ரோவுக்கு வந்து இறங்கின. நகரத்தின் நடுவில், பழைய செங்கல் வீடொன்றின் மேல்மாடியில், அவற்றைப் பிரித்து நல்லதை ஆங்கிலமாக்கிப் பதிப்பிக்க ஒரு சிறிய ஆய்வகம் இருந்தது. அங்கேதான் எனக்கு வேலை. அப்போது குடியிருந்த டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்துப் போவேன்.

ஆய்வகத்தின் தலைவி நீனா பாவ்லொவ்னா. பாரிஸில் அகதிகளாக வாழ்ந்த ருஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போதே எழுபதை நெருங்கியிருந்தார். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. ஆளின் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்வது ருஷ்யர்களின் மரியாதை. முதல் நாளே என் தகப்பன் பெயரைக் கேட்டார். கந்தையா என்றேன். "அப்ப நீங்கள் சிவபாதம் கந்தையாவிச்" என்றார், சிரிக்காமல். அப்பு உயிரோடு இருந்து கேட்டிருந்தால் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார். கடைசிவரைக்கும் நான் அங்கே கந்தையாவிச்தான்.

இதில் வருகிறவர்கள் பேசியது ருஷ்யமும் ஆங்கிலமும். என் வாய்க்குள் வந்தபின் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார்கள். இத்தனை வருடம் பிறத்தியாருக்கு உழைத்தவனுக்கு இந்தச் சலுகையாவது வேண்டும்.

நீனா பாவ்லொவ்னாவின் வேலைமுறை வேறு எங்கும் நான் கண்டதில்லை. புதிய நூல் ஒன்று கையில் கிடைத்தால் பேனையைத் தொடவிட மாட்டார். முதலில் எழும்பி நின்று, மூலத்தை உரத்து வாசிக்க வேண்டும். "இருந்துகொண்டு வாசிச்சால் கண் மட்டும்தான் வாசிக்கும். நிண்டு வாசியுங்கோ. உங்களுக்கு மூச்சு முட்டுற இடத்திலை எழுதினவனுக்கும் முட்டியிருக்கு" என்பார். முழு நூலும் அப்படி வாசித்து முடிந்த பிறகுதான் பென்சில். அதன்பின் நான் ஆங்கிலத்தை வாசிக்க, அவர் ருஷ்ய மூலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்பார். எங்காவது பொய் காதில் விழுந்தால் மோதிர விரலால் கதிரையின் கையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். என்ன பொய் என்று சொல்ல மாட்டார். நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒருமுறை மூலத்தைவிட அழகாக ஒரு வசனம் எழுதிவிட்டேன். தட்டினார். மூன்று விதமாக மாற்றினேன். மூன்று தடவையும் தட்டினார். கடைசியில் கண்ணைத் திறந்து, "வசனம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது உங்கட. நீங்கள் ஒரு புத்தகம் எழுதினால் அதிலை போடுங்கோ" என்றார். அன்றைக்கு ரயிலில் வரும்போது மனுசியைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் வசனத்தை மாற்றிவிட்டேன்.

அந்த நாட்களில் ஆய்வகத்துக்கு இளம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இங்கே பிறந்த ருஷ்ய, உக்ரேனியப் பிள்ளைகள். பாட்டன் பாட்டியின் பாசையில் வணக்கமும் நன்றியும் தவிர வேறு தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான். தாய்நாட்டில் சமயம் திரும்பப் பிறந்திருக்கிறது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு, தங்களுக்கும் அதில் பங்கு உண்டா என்று தேடி வருவார்கள். பூப்போட்ட சட்டையோடு வந்த ஒரு கூட்டம், கிறிஸ்தவத்துக்கு முந்திய காட்டுத் தெய்வங்களை அழைக்கிற மந்திரம் வேண்டும் என்று நின்றது. நீனா பாவ்லொவ்னா ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார்: "உங்கட பாட்டன் என்னத்தைக் கும்பிட்டவர்?" ஒருத்தருக்கும் தெரியவில்லை. "முதல் அதை அறிஞ்சுகொண்டு வாங்கோ. அதுக்கு முந்தின தெய்வத்தைப் பிறகு பாப்பம்." நான் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன்.

இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் அவர் இன்னொரு விதி வைத்திருந்தார். ஞான நூல்களில் தத்துவப் பகுதியும் இருக்கும், சாதனைப் பகுதியும் இருக்கும். எப்படி மூச்சை அடக்குவது, எப்படி நோன்பு பிடிப்பது, எத்தனை தடவை செபிப்பது என்கிற பகுதி. அதை ஆய்வகம் ஒருபோதும் அச்சில் போடாது. தத்துவம் மட்டும் போகும். இதற்கு அவரிடம் காரணம் இருந்தது. பாரிஸில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், தெருவில் வாங்கிய சிறு நூலைப் பார்த்து மூச்சடக்கப் பழகி, புத்தி பேதலித்து, ஆற்றில் விழுந்து செத்துப்போனார். "தேவையானவனுக்கு ஒரு குரு வாயாலை சொல்லுவார். தேவையில்லாதவன் கடதாசியாலை சாவான்" என்பார். எனக்கு இது புதிதாகப் படவில்லை. உபதேசம் குருமுகமாகத்தான் வர வேண்டும் என்று எங்கள் ஆட்களும் சொல்வதுதானே.

பிறகு ஒரு துறவியின் புத்தகம் வந்தது. அவர் வடக்கே பனிக்காட்டுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு தத்துவ ஆசிரியர். அங்கே துறவியாகி, குடிசையில் இருந்து எழுதியதை ஆட்கள் இரகசியமாகத் தட்டச்சடித்துக் கைக்குக் கை கொடுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். நூல் முழுவதும் பசியைப் பற்றியது. பசிதான் மனிதன் கடவுளைக் கவனிக்கக் கற்கிற முதல் பள்ளிக்கூடம் என்பது அவருடைய கருத்து. எழுந்து நின்று வாசித்தபோது பல இடங்களில் எனக்கு மூச்சு முட்டியது. அப்படி ஓர் எழுத்து. "பசி ஒரு குழந்தை. அழும். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இரு, தூக்காதே" என்று ஓரிடத்தில் வரும். அந்த வசனத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் வாசித்துக் காட்டியபோது நீனா பாவ்லொவ்னாவின் விரல் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கடைசி அத்தியாயம் மட்டும் வேறு மாதிரி. அழகே இல்லாத, கட்டளை கட்டளையான எழுத்து. யார் நோன்பு பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது, யார் மேற்பார்வை செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்படி முடிக்க வேண்டும். விதிப்படி அது சாதனைப் பகுதி. நீனா பாவ்லொவ்னா அந்தப் பக்கங்களை ஒரு சணல் கயிற்றால் கட்டி ஒதுக்கிவிட்டார்.

அப்போது கந்தசஷ்டி நடந்துகொண்டிருந்தது. என் மனைவி சரோ வருடா வருடம் சஷ்டி விரதம் பிடிப்பாள். ஆறு நாளும் பாலும் பழமும், ஏழாம் நாள் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, சமைத்துப் பாறணை. விரதத்தை முறைப்படி முடித்துச் சாப்பிடுகிறதுதான் பாறணை. அது இல்லாவிட்டால் விரதமே இல்லை. அன்றைக்கு எனக்கு அது நினைப்பில் இருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீனா பாவ்லொவ்னா, எங்கட ஆக்களுக்குப் பாறணையும் சேர்ந்ததுதான் விரதம். இது வாலில்லாத மாடு மாதிரி நிக்குது."

"வாலைப் பிடிச்சுக்கொண்டு ஆறு கடக்க வெளிக்கிடுவாங்கள், கந்தையாவிச்."

"அப்ப ஒரு வரியாவது போடுவம். இஞ்சை ஒரு அத்தியாயம் விடப்பட்டிருக்கு எண்டு."

"பூட்டின கதவைக் காட்டினால் திறப்புத் தேடுவாங்கள். வேண்டாம்."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. நான் கேட்டதும் யாரையும் காப்பாற்றும் எண்ணத்தில் அல்ல. நூல் ஒழுங்காக இருக்க வேண்டுமே என்கிற தொழில் குணம், அவ்வளவுதான். நூல் வெளிவந்தது. அவர் முன்னுரை எழுதினார். அறிஞர்கள் பாராட்டினார்கள். இளம் ஆட்கள் தேடி வாங்கினார்கள். இதற்கு முன் ஆய்வகத்தின் எந்த நூலும் அப்படிப் போனதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, படியில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டது. மேசன் வேலை செய்கிற ஒருவர் உள்ளே வந்தார். காற்சட்டையில் சீமெந்து காய்ந்து வெள்ளையாக இருந்தது. கையில் கடைப் பை. பைக்குள் எங்கள் புத்தகம். நீனா பாவ்லொவ்னா அன்றைக்கு வந்திருக்கவில்லை. நான் தனியே இருந்தேன்.

தன் பெயர் பெட்ரோ என்றார். இங்கே பிறந்த உக்ரேனியர். புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"இதை எழுதினது நீங்களோ?"

"நான் மொழிபெயர்த்தனான்."

"நான் பெரிய படிப்புப் படிக்கேல்லை. இதை இரண்டு தரம் முழுக்க வாசிச்சிட்டன். எப்ப நிப்பாட்டுறது எண்டு எந்தப் பக்கத்திலை சொல்லியிருக்கு? எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ."

அந்தக் கேள்வி விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரண்டு தரம் வாசித்திருக்கிறார் அந்த மனுசன், இல்லாத பக்கத்தைத் தேடி.

அவருக்கு ஒரே மகள், தான்யா. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள். போன வருடம் தாய் புற்றுநோயில் செத்துப்போனார். அந்த வீட்டில் பழைய பாசையில் செபித்தவர் தாய் ஒருவர்தான். தாய் போன பிறகு, தாய் கும்பிட்ட கடவுளைத் தேடி அலைந்து, ஒரு கடையில் எங்கள் புத்தகத்தை வாங்கியிருக்கிறாள். நோன்பு பிடிக்கத் தொடங்கினாள். முதலில் தகப்பனுக்கும் சந்தோசம். பிள்ளை துக்கத்திலிருந்து வெளியே வருகிறாள் என்று நினைத்தார். பிறகு அவள் நிறுத்தவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வயது வந்த பெண், புத்தி தெளிவாக இருக்கிறது, தன் சமயம் என்கிறாள். மறித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"புத்தகம் சொன்னால் நிப்பாட்டுவன் எண்டு சொல்லுறாள். புத்தகம் சொல்லுதில்லை" என்றார் பெட்ரோ.

நான் அலுமாரியிலிருந்து ருஷ்ய மூலத்தை, ஒதுக்கிய பக்கங்களோடு, எடுத்துக்கொண்டு அவருடைய பிக்கப்பில் ஏறினேன்.

தான்யா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலைமாட்டில் தாயின் சிறிய மாதா படம். முகத்தில் எலும்பும் கண்ணும்தான். நான் யார் என்று தகப்பன் சொன்னதும் அந்தக் கண் மலர்ந்தது. இதுதான் என்னால் மறக்க முடியாதது. என்னைக் கண்டு அவள் சந்தோசப்பட்டாள். மரியாதையாக எழும்பி உட்காரப் பார்த்தாள்.

"அந்தப் பசிக் குழந்தை வசனம் நீங்கள் செய்ததோ? எனக்கு அது பாடம். கஸ்டமா இருக்கேக்கை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறனான்" என்றாள். சொல்லியும் காட்டினாள். ஒரு சொல் பிசகவில்லை.

நான் அந்த வசனத்தை எழுதிய கையை அப்போது வெட்டிப் போட்டிருப்பேன்.

மூலத்தை விரித்து, கடைசி அத்தியாயத்தை அங்கேயே வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினேன். தனியாக இருக்கிறவன் இந்த நோன்பைப் பிடிக்கக் கூடாது. துக்கத்தில் இருக்கிறவன் பிடிக்கக் கூடாது. உன்னை அறிந்த மூத்தவர் ஒருவர் நாளும் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் போதும் என்றால் போதும். அவள் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

"இது புத்தகத்திலை இல்லையே."

"விட்டிட்டம், பிள்ளை."

"விட்டதெண்டு ஒரு இடத்திலையும் போடேல்லையே. அப்பா கேட்டதுக்காகச் சொல்லுறியளோ?"

அவள் குரலில் கோபம் இல்லை. என்மேல் இரக்கப்பட்டது போலத்தான் கேட்டாள். நான் சத்தியம் பண்ணினேன். சத்தியத்துக்கும் அச்சுக்கும் நடுவில் அவள் அச்சைத்தான் நம்பினாள். நானும் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். முன்னுரையில் பெயர் போட்ட அம்மா வந்து சொல்லட்டும் என்றாள்.

குசினியில், அடுப்புப் பக்கத்திலிருந்து நீனா பாவ்லொவ்னாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விலாசத்தை மட்டும் கேட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. டாக்ஸியில் வந்து, பெட்ரோவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டோம். அவர் உட்காரவில்லை. நூலை வாங்கி, நின்றபடி, அந்த அத்தியாயத்தை ருஷ்யத்தில் உரத்து வாசிக்கத் தொடங்கினார். வசனத்துக்கு வசனம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தான்யாவின் உதடு அசைந்தது. சொல் விளங்காவிட்டாலும் அது தாயின் செபத்தை ஒத்த ஓசை அல்லவா. துறவியின் வசனம் ஒன்று: போதும் என்ற பிறகும் நீட்டுகிறவன் கள்ளன், தன்னுடையதல்லாத உடம்பைத் திருடுகிறான். அதைச் சொன்ன கையோடு, "அதனால் இன்றைக்கே நிறுத்து" என்று நான் சேர்த்துவிட்டேன். என்னை மீறி வந்துவிட்டது.

நீனா பாவ்லொவ்னா கதிரையின் முதுகில் விரலால் தட்டினார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு பிள்ளையின் உயிர் போகிற இடத்திலும் இந்தக் கிழவிக்குத் தட்ட மனம் வருகிறதே என்று கொதித்தது. தான்யா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் தட்டினனீங்கள்?"

"கடைசி வசனம் துறவி எழுதினதில்லை. இவர் கூட்டிச் சொன்னவர். உன்னை நினைச்சுப் பயந்து சொன்னவர்" என்றார் நீனா பாவ்லொவ்னா.

தான்யா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப மற்றதெல்லாம் உண்மை" என்றாள்.

"உண்மை."

"இது உங்களிட்டை இருந்தது."

"இருந்தது."

"எனக்குத் தெரியக் கூடாது எண்டு நீங்கள் முடிவெடுத்தனீங்கள்."

"ஓம். நான்தான்."

பாரிஸில் செத்த அண்ணனின் கதையை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

"இன்னும் என்னென்ன விட்டனீங்கள்?"

"வேறை ஒண்டும் இல்லை."

"அதை நான் எப்பிடி நம்புறது?"

நீனா பாவ்லொவ்னா நூலை மூடிக் கதிரையில் வைத்தார்.

தான்யா தலையணைக்கு அடியிலிருந்த எங்கள் புத்தகத்தை எடுத்துத் தகப்பனிடம் கொடுத்தாள். "இதைக் கொண்டுபோங்கோ அப்பா. இனி வேண்டாம்." பிறகு அழுதாள். அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. கண்ணீர் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. தாய் செத்ததிலிருந்து பிள்ளை அழுததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பெட்ரோ என் காதுக்குள் சொன்னார். அவர் குரலில் நம்பிக்கை வந்திருந்தது. எனக்கும் வந்தது. பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

முதல் உணவு தேன் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீர், அதுவும் மூத்தவர் ஒருவரின் கையால் என்று அந்த அத்தியாயத்தில் இருந்தது. பெட்ரோ ஓடிப்போய்க் கரைத்துக்கொண்டு வந்தார். நீனா பாவ்லொவ்னா கட்டிலில் உட்கார்ந்து ஒரு கரண்டி ஊட்டினார். தான்யா விழுங்கினாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இந்தமுறை அவளே சம்மதித்தாள்.

கிழமை முடிவதற்குள் செத்துப்போனாள். மருத்துவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். சாப்பாட்டைத் துளித்துளியாகத்தான் கொடுத்தார்களாம். சாப்பாடு இல்லாத காலத்தில் உடம்பு தன் இருதயத்தையே தின்றுவிட்டது என்று ஒரு டாக்டர் பெட்ரோவுக்கு விளங்கப்படுத்தினார். அவர் அதை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, இருதயம் என்ற சொல்லில் நின்றுவிட்டார். வாழ வேண்டும் என்று மனம் திரும்பிய பிறகு செத்தாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

நீனா பாவ்லொவ்னா விற்காத பிரதிகள் எல்லாவற்றையும் திருப்பி எடுப்பித்தார். கடைசி அத்தியாயத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எல்லாப் பிரதிகளிலும் அதைச் சேர்த்து ஒட்டவைத்தார். நூலகங்களுக்கும் அனுப்பினார். அதற்கு எழுதிய முன்னுரையில் தான் அதை விட்டதையும், அதனால் ஒரு பெண் இறந்ததையும் எழுதினார். வெளியே சில பேர் இவ்வளவு தேவையில்லை என்றார்கள். அவர் கேட்கவில்லை.

அதோடு இன்னொன்றும் நடந்தது. நான் ஆங்கிலத்தை வாசிக்கும்போது அவர் பழையபடி கண்ணை மூடிக் கேட்பார். ஆனால் தட்ட மாட்டார். வேண்டுமென்றே ஒருநாள் பிழையாக ஒரு வசனம் வாசித்துப் பார்த்தேன். கை மடியில் அப்படியே கிடந்தது. ஆளும் வரவர மெலிந்தார். மத்தியானத்தில் மேசையை விட்டு எழும்ப மாட்டார். சரோ சூப்பு வைத்துக் கொடுத்துவிடுவாள். பின்னேரம் பாத்திரம் தொடாமல் திரும்பி வரும். ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சரோ சொன்னாள்:

"என்னப்பா, அந்த மனுசி விரதமெல்லோ பிடிக்குது. நீங்கள் பக்கத்திலை இருந்து என்னத்தைப் பாக்கிறியள்?"

நான் அடுத்த நாள் கேட்டேன். "எனக்குப் பசிக்கேல்லை, கந்தையாவிச்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவர்கள் சமயத்தில் செத்தவருக்கு நாற்பதாம் நாள் பூசை. எங்கள் அந்தியேட்டி மாதிரி, அன்றைக்குச் சாப்பாடும் உண்டு. பெட்ரோ இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். நீனா பாவ்லொவ்னா போக வேண்டாம் என்று நான் நினைத்தேன். அவர் கறுப்பு உடுப்போடு நேரத்துக்கே ஆயத்தமாக நின்றார்.

பூசை முடிந்து, தேவாலயத்துக்குக் கீழே இருந்த மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். அவித்த கோதுமையில் தேன் விட்டுப் பிசைந்து ஒரு பெரிய கிண்ணத்தில் கொண்டுவருவார்கள். வேறு எதையும் தொடுமுன் ஒவ்வொருவரும் அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட வேண்டும். செத்தவருக்குச் செய்கிற மரியாதை அது. எடுக்காமல் விடுவது பெரிய அவமதிப்பு. அந்த முறையெல்லாம் என்னைவிட நீனா பாவ்லொவ்னாவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கிண்ணம் மேசை மேசையாக வந்தது. எங்களிடம் வந்தபோது அவர் கை நீட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். கிண்ணம் வைத்திருந்த பெண் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த அம்மாதான் அந்தப் புத்தகக்காரி என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். யாராவது ஏதாவது சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்தேன்.

மண்டபத்தின் மற்ற முனையிலிருந்து பெட்ரோ எழும்பி வந்தார். அந்தப் பெண்ணிடமிருந்து கிண்ணத்தை வாங்கினார். அவர் கரண்டியில் கோதுமையை அள்ளி, குனிந்து, நீனா பாவ்லொவ்னாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ரை பிள்ளை கடைசியா உங்கட கையாலைதான் சாப்பிட்டவள்" என்றார். "இதை என்ரை கையாலை சாப்பிடுங்கோ."

நீனா பாவ்லொவ்னா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மெல்ல மெல்ல மென்று, நெடுநேரம் எடுத்து விழுங்கினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அவர் விழுங்கி முடிக்கும்வரை பெட்ரோ அங்கேயே குனிந்து நின்றார்.

பிறகு கரண்டியை மறுபடி நிரப்பி, என் பக்கம் திரும்பினார்.